பெட்டகம் வேறு, பொருள் வேறு

 

ரமளான் பிறை பார்க்க ஒன்பது நாட்களே இருந்தன. இஷாத் தொழுகைக்குப் பின் எங்கள் மஹல்லா ஜமாஅத்தின் அலுவலக அறையில், கணிப்பொறிக்கு முன் அமர்ந்திருந்தேன். பைத்துல்மாலுக்கு மூன்று மாதங்களாக வந்த விண்ணப்பங்களின் விவரம் முழுவதும் அதனுள் இருந்தது. எந்தப் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், எந்த நோயாளிக்கு மருந்துச் செலவு, எந்த விதவைச் சகோதரிக்குத் தையல் இயந்திரம், யார் வீட்டிற்கு யார் விசாரிக்கச் சென்றார், எது ஒப்புதலாகியும் இன்னும் கொடுபடவில்லை என்பனவெல்லாம் ஒன்றுவிடாமல் பதிவாகியிருந்தன. மென்பொருளில் புதிய பதிப்பு வந்திருப்பதை அறிந்து, பழையதை நீக்கிப் புதியதை ஏற்றினேன். அது என் கடவுச்சொல்லை ஏற்க மறுத்தது. மென்பொருளோடு வரும் தொடக்கக் கடவுச்சொல்லான ‘அட்மின்’ என்பதைக் கொடுத்துப் பார்த்தேன். உடனே திறந்தது; துடைத்து வைத்த கரும்பலகையைப் போல ஒன்றுமே இல்லாமல் திறந்தது.

பின்னால் நின்றிருந்த செயலாளர் ஹாஜியார், “என்ன தம்பி, கரண்ட் போய்விட்டதா?” என்று கேட்டார். போயிருக்கக் கூடாதா என்றிருந்தது எனக்கு.

அந்த இரவில் நான் செய்த பிழை இன்னதென்று விளக்கவே இம்மாதப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். மதரஸா நிர்வாகம், திருமண மண்டபம், நோன்புக் கஞ்சி ஏற்பாடு, இரத்த தானக் குழு என்று உங்கள் ஊரிலும் பத்துப் பேர் சேர்ந்து செய்யும் பணிகள் இருக்கும். அவற்றைக் கணிப்பொறியில் ஒழுங்குபடுத்த விரும்பும் இளைஞர் ஒருவர் உங்கள் இல்லத்திலேயே இருக்கக்கூடும். அவர் நான் விழுந்த குழியில் விழ வேண்டியதில்லை.

முதலில், இத்தகைய மென்பொருள் எதற்கு என்ற வினா எழும். இன்று பெரும்பாலான ஜமாஅத்துகளில் பணிகள் வாட்ஸ்அப் குழுக்களில்தான் நடக்கின்றன. ஒருவர் ஒரு மனுவைப் படம் எடுத்துப் போடுகிறார். அதற்கு மேல் நாற்பது ஸலாமும், இரண்டு ஜனாஸா அறிவிப்பும், ஒரு நிக்காஹ் அழைப்பும் வந்து விழுகின்றன. மனு அடியில் போய்விடுகிறது. “நீங்கள் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன்” என்று ஒவ்வொருவரும் மற்றவரைச் சொல்ல, மனுக் கொடுத்தவர் காத்துக் கிடக்கிறார். அது மட்டுமன்று. உதவி கேட்டு வந்தவரின் பெயரும் முகவரியும் குழுவிலுள்ள அத்தனை பேரின் கைப்பேசியிலும் நிரந்தரமாகத் தங்கிவிடுகின்றன. தருமத்தை மறைத்துக் கொடுப்பதன் சிறப்பைச் சிறு வயது முதல் பயான்களில் கேட்டு வளர்ந்த நாம், வாங்குபவரின் மானத்தை இப்படி வீதியில் வைக்கலாமா?

எழுதி வைப்பது நமக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். அது வணக்க முறைகளைப் பற்றியதோ மறுமையைப் பற்றியதோ அன்று; கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுதி வைப்பதுபோலவே, எழுதியதைக் காப்பதும் பொறுப்புத்தான் என்பதை அந்த இரவில்தான் உணர்ந்தேன்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சேவைகளில் எழுதி வைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். சிறு வேலைகளுக்குப் போதும். ஆனால் வீடு நம்முடையதன்று என்ற நினைவு இருக்க வேண்டும். ட்ரெல்லோ என்ற புகழ்பெற்ற பணிப்பலகைச் சேவையை 2017-இல் அட்லாஸியன் என்ற நிறுவனம் வாங்கியது. 2024-இல் அதன் இலவசப் பிரிவில் ஒரு குழுவுக்குப் பத்துப் பேர் என்று வரம்பு வைத்தார்கள். அதே நிறுவனத்தின் ஜிரா என்ற மென்பொருளைத் தம் சொந்தக் கணிப்பொறியில் நிறுவி நடத்திய சிறு அலுவலகங்கள் பல இருந்தன. அந்த ‘சர்வர்’ பதிப்பின் விற்பனை 2021-இல் நின்றது. 2024 பிப்ரவரியில் அதற்கான ஆதரவும் முடிந்தது. அவர்கள் தம் வியாபாரத்தைத் தம் விருப்பப்படி நடத்துகிறார்கள். அதில் குறை சொல்ல நமக்கு இடமில்லை. வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரின் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டியதுதான்.

ஆகவே மூல நிரல் திறந்திருக்கும் மென்பொருள் ஒன்றை நம் இடத்திலேயே நிறுவுவதென்று முடிவு செய்தோம். ரெட்மைன், ஓப்பன்புராஜெக்ட், டைகா என்று நல்லவை பல உள்ளன. ஓப்பன்புராஜெக்ட் பெரிய கட்டுமான நிறுவனங்களுக்கும் ஏற்றது. ஆனால் 4 ஜிபி நினைவகமாவது கேட்கும். எங்களிடம் இருந்ததோ ஒருவர் வக்பு செய்வதுபோல் கொடுத்துச் சென்ற பழைய கணிப்பொறி. எனவே கான்போர்டைத் தேர்ந்தெடுத்தோம். ஃபிரெடெரிக் கியோ என்பவர் 2014-இல் தொடங்கிய இம்மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை. பெரிய புதுமைகள் இனி வாரா, பழுது பார்ப்பதும் பாதுகாப்பதும் மட்டும் நடக்கும் என்ற நிலையில் அதை வைத்திருக்கிறார்கள். ஜமாஅத் அலுவலகத்திற்கு இது குறையன்று, நிம்மதி என்பது என் கருத்து. மாதந்தோறும் முகம் மாறும் மென்பொருளை அறுபது வயதுப் பெரியவருக்கு எத்தனை முறைதான் கற்பிப்பது?

அதன் அமைப்பு எளிது. திரையில் ஒரு பலகை. அதில் சில பத்திகள். ஒவ்வொரு மனுவும் ஒரு சீட்டு. ‘வந்தவை’, ‘விசாரணையில்’, ‘ஒப்புதல்’, ‘கொடுத்தாயிற்று’ என்று நான்கு பத்திகளைத் தமிழிலேயே பெயரிட்டோம். சீட்டு இடமிருந்து வலமாக நகரும். ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த ‘கான்பான்’ முறையின் வழிவந்த ஏற்பாடு இது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு பத்தியில் இத்தனை சீட்டுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைக்கும் வசதி. ‘விசாரணையில்’ என்ற பத்திக்குப் பத்து என்று வைத்தோம். பதினொன்றாவது சீட்டு சேர்ந்தால் பத்தி நிறம் மாறி எச்சரிக்கும். நிறம் மாறிய வாரம் விசாரணைக் குழுவினர் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி கண்டெய்னருக்கு வருவோம். ஒரு மென்பொருளை நேரடியாக நிறுவினால் அது தனக்குத் துணையான வேறு பல நிரல்களையும், அவற்றுள் குறிப்பிட்ட பதிப்புகளையும் கேட்கும். இன்னொரு மென்பொருள் வேறு பதிப்பைக் கேட்கும். இரண்டும் மோதிக்கொள்ளும். இந்தத் தொல்லையை நீக்க, மென்பொருளையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, அந்தக் கட்டைத் தனி அறையில் வைத்து இயக்குவதே கண்டெய்னர் முறை. லினக்ஸ் இயங்குதளத்தின் கரு ஒன்றே எல்லா அறைகளுக்கும் பொது. ஒரே கூரையின் கீழ் பல குடித்தனங்கள் என்று கொள்ளுங்கள். இதற்கான கருவிகளுள் மிகப் பரவலானது டாக்கர். சாலமன் ஹைக்ஸ் என்பவர் 2013 மார்ச் மாதம் அமெரிக்காவில் நடந்த பைத்தான் மாநாட்டில், ஐந்து நிமிடப் பேச்சில் இதை உலகுக்கு அறிமுகம் செய்தார்.

டாக்கர் என்றால் துறைமுகத் தொழிலாளி என்று பொருள். பெயர் கப்பல் கண்டெய்னரிலிருந்து வந்த உவமை. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்பவரின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து 58 பெட்டகங்களை ஏற்றிக்கொண்டு ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதற்கு முன் மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கியதெல்லாம், அதன்பின் பெட்டகம் பெட்டகமாக மாறத் தொடங்கியது. உள்ளே என்ன இருக்கிறதென்று கப்பலுக்கும் கவலையில்லை, லாரிக்கும் கவலையில்லை. மென்பொருள் கண்டெய்னரும் அப்படியே. உங்கள் மடிக்கணினியில் ஓடுவது எங்கள் பழைய பெட்டியிலும் அப்படியே ஓடும்.

உவமை அழகானது. அதுதான் என்னை ஏமாற்றியது.

கப்பல் பெட்டகத்தில் பொருளை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். பெட்டகம் பத்திரமாக இருந்தால் பொருளும் பத்திரம். டாக்கரில் இது தலைகீழ். கண்டெய்னர் என்பது எந்த நேரத்திலும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ளும் பண்டம். புதிய பதிப்புக்கு மாறுவதென்றால் பழைய கண்டெய்னரை அழித்துப் புதியதை உருவாக்குவதுதான் முறை. ஆகவே நீங்கள் எழுதிச் சேர்க்கும் பொருள் அதன் உள்ளே இருக்கக் கூடாது. வெளியே, கணிப்பொறியின் வட்டில், உங்களுக்குத் தெரிந்த ஓர் இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தைக் கண்டெய்னருக்குள் இன்ன வாசலில் இணை என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இவ்வாறு இணைக்கப்படும் வெளியிடத்தை வால்யூம் என்கிறார்கள்.

கான்போர்டின் தரவுகள் அனைத்தும் ‘டேட்டா’ என்ற ஒரே கோப்புறையில் அடங்கும். பலகையும் சீட்டும் எஸ்க்யூலைட் என்ற வகையைச் சேர்ந்த ஒற்றைக் கோப்பில் இருக்கும். மனுவோடு இணைத்த படங்களும் ஆவணங்களும் அதன் பக்கத்தில் இருக்கும். இந்தக் கோப்புறைக்கு நான் வெளியிடம் எதையும் குறிப்பிடவில்லை. அப்படிக் குறிப்பிடாதவர்களுக்காக டாக்கர் தானே ஒரு வால்யூமை உருவாக்கிக்கொள்கிறது. ஆனால் அதற்குப் பெயர் இராது. யாருக்கும் புரியாத நீண்ட எழுத்துக் கோவை ஒன்றே அடையாளம். பழைய கண்டெய்னரை நான் நீக்கியபோது அந்தப் பெயரற்ற வால்யூம் வட்டிலேயே அநாதையாக நின்றது. புதிய கண்டெய்னர் தனக்கென்று வேறொரு வெற்று வால்யூமை எடுத்துக்கொண்டது. திரை வெறுமையாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அதாவது, ஹாஜியார் என்னிடம் கேட்ட அந்த நிமிடத்தில் மூன்று மாதப் பதிவும் உயிரோடு இருந்தது! அங்கேயே கையை எடுத்துவிட்டு, விஷயம் தெரிந்த ஒருவரைக் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் மீட்டிருக்கலாம். பதற்றம் விடவில்லை. பழைய மிச்சங்கள் கிடப்பதால்தான் கோளாறு என்று எண்ணி, பயன்படாத வால்யூம்களைத் துப்புரவு செய்யும் கட்டளையைக் கொடுத்தேன். அது என்னிடம், உறுதியா என்று ஒருமுறை கேட்கவும் செய்தது. ஆம் என்றேன். போயிற்று.

முறையாக நிறுவும் வழியைச் சொல்கிறேன். கட்டளைகளை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். அவை கான்போர்டின் ஆவணப் பக்கத்திலேயே கிடைக்கும். எது எதற்கு என்பதே இங்கு நமக்கு வேண்டும்.

கணிப்பொறியில் டெபியன் அல்லது உபுண்டு போன்ற லினக்ஸை நிறுவி, டாக்கரையும் அதன் கம்போஸ் என்ற துணைக்கருவியையும் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு தனிக் கோப்புறை ஒன்றில் கம்போஸ் கோப்பை எழுத வேண்டும். பத்துப் பதினைந்து வரிகளுக்குமேல் வராது. வரிகளை உள்தள்ளி எழுதும்போது இடைவெளி விசையைத்தான் தட்ட வேண்டும். டேப் விசையைத் தொட்டால் ஏற்காது. எங்கே நிறுத்துவது, எங்கே சேர்ப்பது என்பதைத் தஜ்வீதாகக் கற்கும் சமுதாயத்திற்கு இது பெரிய கஷ்டமன்று.

அக்கோப்பில் முதலில் எந்தக் கட்டு வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். பலர் ‘லேட்டஸ்ட்’ என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் என்றைக்கு எந்தப் பதிப்பு வந்து இறங்கியது என்றே தெரியாது. பதிப்பின் எண்ணைத் தெளிவாக எழுதுங்கள். மாற்ற வேண்டிய நாளில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். அடுத்து வால்யூம். கம்போஸ் கோப்பு இருக்கும் இடத்திலேயே ஒரு கோப்புறையை உண்டாக்கி, அதைக் கண்டெய்னரின் டேட்டா கோப்புறையோடு இணைத்துவிடுங்கள். பெயரிட்ட வால்யூம் வைத்துக்கொள்வதும் சரியான முறைதான். ஆனால் கண்டெய்னர்களை இறக்கும் கட்டளையோடு ‘வி’ என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்து அடித்துவிட்டால் பெயரிட்ட வால்யூமும் சேர்ந்து அழியும். கோப்புறையாக இணைத்ததை அக்கட்டளை தொடாது. சூடுபட்டவன் என்பதால் நான் கோப்புறையையே விரும்புகிறேன்.

மின்வெட்டை நினைவில் வைத்து, கணிப்பொறி மீண்டும் எழும்போது கண்டெய்னரும் தானே எழ வேண்டும் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். நம் ஊர்களில் இதை மறந்தால் மாதத்தில் பாதி நாள் “பலகை திறக்கவில்லை” என்ற தொலைபேசிதான் வரும்.

வாசல் எண்ணில் சற்று நிதானம் வேண்டும். கண்டெய்னருக்குள் கான்போர்டு 80 என்ற வாசலில் கேட்கும். அதை வெளியே 8080 போன்ற ஓர் எண்ணோடு இணைப்போம். அலுவலக வைஃபைக்குள் மட்டும் பயன்படுத்துவதென்றால், ரவுட்டரில் வெளியிலிருந்து வழி திறந்துவிடாத வரை கவலையில்லை. ஆனால் இணையத்தில் வாடகைக்கு எடுத்த சர்வரில் நிறுவுவோர், யுஎஃப்டபிள்யூ என்ற தடுப்புச்சுவரை எழுப்பிவிட்டோம், இனி பயமில்லை என்று இருந்துவிடுவார்கள். டாக்கர் திறக்கும் வாசல், அந்தச் சுவரின் விதிகளுக்குள் அடங்காமல் அதைக் கடந்து வெளியே தெரியும். அங்கே வாசலை அந்த இயந்திரத்தின் உள்முகவரிக்கு மட்டும் கட்டிவைத்து, முன்னால் கேடி போன்ற ஒரு வாயிற்காப்பாளனை நிறுத்தி, பூட்டிட்ட இணைப்பின் வழியே மட்டும் உள்ளே விட வேண்டும். சான்றிதழ் வாங்குவதையும் புதுப்பிப்பதையும் கேடி தானே பார்த்துக்கொள்ளும். வெளியூரிலுள்ள நிர்வாகிகள் இரண்டு மூன்று பேர் மட்டும் என்றால் வயர்கார்ட் என்ற தனிவழியே போதுமானது.

எல்லாம் எழுந்து நின்றதும் செய்ய வேண்டிய முதல் காரியம், அந்த ‘அட்மின்’ கடவுச்சொல்லை மாற்றுவது. உலகம் முழுவதும் அறிந்த சாவி அது. பிறகு ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குக் கொடுங்கள். ஒரு பலகையில் நடத்துநர், உறுப்பினர், பார்வையாளர் என்று மூன்று தரங்கள் உண்டு. நிக்காஹ் உதவி கேட்டு வரும் பெண் மக்களின் மனுக்களைத் தனிப் பலகையாக்கி, மகளிர் குழுவின் மூன்று சகோதரிகளும் ஹாஜியாரும் மட்டும் காணும்படி வைத்திருக்கிறோம். மென்பொருளை நிறுவிய எனக்கு அப்பலகையில் வேலையில்லை. நிர்வாகி என்ற முறையில் என்னால் திறந்துவிட முடியும் என்பதையும் அவர்களிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

இனி நகல். கண்டெய்னரைச் சற்று நேரம் நிறுத்தி, டேட்டா கோப்புறையையும் கம்போஸ் கோப்பையும் அப்படியே நகலெடுத்து, மீண்டும் ஓடவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது தரவுக் கோப்பை வெறுமனே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் அகப்பட்டுவிடக்கூடும். எங்கள் அளவுக்கு நிறுத்தி எடுப்பதே எளிது. நகலைப் பூட்டிட்ட வடிவில் வேறொரு வீட்டில் வையுங்கள். அதே மேசை இழுப்பறையில் வைத்தால் மழைத் தண்ணீர் இரண்டையும் சேர்த்துத்தான் நனைக்கும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை அந்த நகலை வேறொரு கணிப்பொறியில் விரித்து, கண்டெய்னரை எழுப்பிப் பாருங்கள். கடைசியாகப் பதிந்த சீட்டு அங்கே தெரிந்தால்தான் அது நகல். பதிப்பு மாற்றும் நாளில் முதலில் நகல், பிறகுதான் மாற்றம்.

அந்த ரமளானுக்குத் திரும்புகிறேன். பதிவுகள் அழிந்தது உறுதியானதும் ஹாஜியாரிடம் உண்மையைச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் பேசாமல் அலமாரியைத் திறந்து, தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கணிப்பொறி வந்த பிறகும் அவர் தம் நோட்டில் எழுதுவதை விட்டிருக்கவில்லை. “நீங்கள் பொறுப்பாகத்தான் செய்தீர்கள் தம்பி. ஆனால் இத்தனை பேருடைய விஷயம். எனக்கு மனம் வரவில்லை” என்றார். நான்கு இரவுகள் அதைப் பார்த்து மீண்டும் ஏற்றினோம். பெரும்பாலானவை கிடைத்தன.

கைப்பேசியிலிருந்து நேரே பலகையில் ஏற்றிய சில மனுக்கள் மட்டும் நோட்டுக்கு வரவே இல்லை. அவை எத்தனை என்றும் எங்களுக்குத் தெரியாது. இரண்டாம் பத்தில் ஒரு நாள், தராவீஹ் முடிந்து வெளியே வரும்போது, வாசற்படி ஓரமாக நின்றிருந்த மூதாட்டி ஒருவர் என்னை அழைத்து, “கண் ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்தேனே, என்ன ஆச்சு வாப்பா?” என்று கேட்டார். அந்தச் சீட்டை நானே என் கையால் பதிந்திருந்தேன். மறுநாளே அவருடைய மனு மீண்டும் எழுதப்பட்டு, பெருநாளுக்குப் பின் அறுவைச் சிகிச்சையும் நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். கேட்க வராதவர்கள் யாரென்று அறிய, அதற்கடுத்த ஜும்ஆவில் அறிவிப்புச் செய்தோம். மேலும் இருவர் வந்தார்கள்.

இப்போது ஒவ்வொரு மாதமும் கடைசி வியாழனன்று பலகையில் உள்ள சீட்டுகளை அட்டவணையாக இறக்கி அச்செடுக்கிறோம். கான்போர்டில் அதற்கு வசதி இருக்கிறது. அந்தத் தாளை ஹாஜியார் தம் நோட்டில் பசை தடவி ஒட்டி, கீழே கையொப்பமிட்டு அலமாரியில் பூட்டுகிறார். சாவி அவரிடம்தான்.